இடப்பக்கம் இருபத்துமூன்று

வியாழக்கிழமை

அன்புள்ள டாக்டருக்கு,

உன் தையற்காரன் எழுதுவது. இங்கே நான் சுகம். நீ சுகமா என்று கேட்டால் "சுகம்" என்று ஒரே சொல்லில் பதில் போட்டுவிடுவாய் என்பதால், போன் எட்டாத உன் காட்டு முகாமுக்கு வாரம் ஒருமுறை வந்துபோகும் ஜீப்பின் டிரைவரிடமே விசாரித்துக்கொண்டேன். "அம்மா நல்லாத்தான் இருக்காங்க, சாப்பிடத்தான் மறந்துடறாங்க, இருமலும் இன்னும் விடல" என்றார். உன் கடைசி மூன்று கடிதங்களில் இருமலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஒரு கழுதைப்புலி இருமினால் தேதி, நேரம், காற்று வீசிய திசை எல்லாம் எழுதி வைப்பவள், தன் இருமலை மட்டும் மறைத்துவிடுகிறாய். இதனுடன் மருந்து வைத்திருக்கிறேன். மூன்று வேளையும் குடி. அளவுக் கிண்ணம் மூடிக்குள்ளேயே இருக்கிறது, தேடாதே.

இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. ஒன்றரை மாதமாக ஒரு சொட்டு மழை கிடையாது. கடையில் விசிறி சுற்றுகிறது, காற்றுதான் வருவதில்லை. பள்ளிக்கூடம் திறக்கப் போகிறது, ஆகவே சீருடை மலைபோலக் குவிந்து கிடக்கிறது. வருகிற தாய்மார்கள் எல்லாரும் போன வருஷ அளவே போதும் என்கிறார்கள். பிள்ளைகள்தான் பேச்சைக் கேட்காமல் வளர்ந்துவிடுகிறார்கள்.

மகள் ஞாயிற்றுக்கிழமை போன் செய்தாள். உன் பணி ஓய்வு விழாவுக்கு இப்போதே லீவு சொல்லிவிட்டாளாம். "அம்மா மேடையில ஏறி மைக்கைத் தட்டிப் பார்க்கறதுக்குள்ள நான் அழுதுடுவேன்ப்பா, நீங்க பக்கத்துல கர்ச்சீப்போட உக்காருங்க" என்றாள். நான் சிரித்தேன். சிரித்த மாதிரி குரல் கொடுத்தேன் என்று சொல்வதுதான் சரி.

உன் நிறுவனத்து இயக்குநரின் கடிதம் வீட்டு முகவரிக்கு வந்தது. நீ சொன்னபடி பிரித்துப் படித்தேன். நீ ஓய்வு பெறுவதையொட்டி இரண்டு நாள் கருத்தரங்கு, ஐந்து நாடுகளிலிருந்து ஆட்கள். உன் கட்டுரையை ஆதாரமாகக் காட்டி இதுவரை எழுநூற்றுப் பன்னிரண்டு கட்டுரைகள் வந்திருக்கின்றனவாம். எந்தக் கட்டுரை என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. முதல் கணக்கெடுப்பில் நாற்பத்தொன்று இருந்த கழுதைப்புலிகள், பத்து வருஷம் கழித்து இரண்டாவது கணக்கெடுப்பில் இருபத்திரண்டாகக் குறைந்துவிட்டன என்று காட்டினாயே, அதுதான். யாரும் திரும்பிப் பார்க்காத ஒரு மிருகத்தை உலகமே திரும்பிப் பார்க்க வைத்த கட்டுரை என்று இயக்குநர் எழுதியிருக்கிறார். எழுநூற்றுப் பன்னிரண்டு என்கிற எண்ணைப் படித்ததும் எனக்குப் பெருமை வந்திருக்க வேண்டும். தையல் மெஷினில் போய் உட்கார்ந்து நான்கு சீருடை தைத்து முடித்தேன்.

இனி நீ கேட்ட விஷயம். உன் மாணவரிடம் படித்த அந்த இளம் ஆராய்ச்சிக்காரி, அதாவது உன் ஆராய்ச்சிப் பேத்தி, முதல் கணக்கெடுப்பின் பழைய புகைப்படங்களைக் கேட்கிறாள், ஆறு பெட்டிகளையும் அனுப்பிவை என்று எழுதியிருந்தாய். ஏதோ புதுக் கம்ப்யூட்டர் முறையில் அந்த நாற்பத்தொன்றை மறுபடி எண்ணிப் பார்த்து, உன் கருத்தரங்கில் வாசிக்கப் போகிறாள் என்றும் எழுதியிருந்தாய். நல்ல பிள்ளைதான், குறை சொல்லவில்லை. ஆனால் பார், பின்னறையில் கூரை ஒழுகி, அலமாரிக்குள் தண்ணீர் இறங்கி, பெட்டிகள் நனைந்துவிட்டன. போட்டோக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன. பிரித்தால் தோலோடு உரிகிறது. உனக்கு வருத்தமாக இருக்கும் என்றுதான் போன கடிதத்தில் எழுதவில்லை. இல்லை என்று அவளுக்கு நீயே பக்குவமாக எழுதிவிடு. எண்ணியதைத் திரும்ப எண்ணி என்ன ஆகப்போகிறது? தைத்துக் கொடுத்து, போட்டுக் கிழித்த சட்டைக்கு மறுபடி அளவெடுக்கிறேன் என்று யாராவது வருவார்களா?

கிரேன்காரர் நேற்றுக் கடைக்கு வந்தார். கல்குவாரியில் கிரேன் ஓட்டியவர், குவாரியை மூடிய பிறகு பள்ளிக்கூட வாசலில் காவல் நிற்கிறாரே, அவர்தான். பேன்ட்டை இடுப்பில் இன்னும் ஒரு அங்குலம் பிடிக்க வேண்டுமாம். வருஷா வருஷம் பிடித்துக்கொண்டே இருக்கிறேன். உனக்கு வணக்கம் சொல்லச் சொன்னார். சொல்லிவிட்டேன். கூலி வேண்டாம் என்றேன், வற்புறுத்தி வைத்துவிட்டுப் போனார்.

விழாவுக்கு உனக்குக் கோட்டு வெட்டி வைத்திருக்கிறேன். ஆறு மாதத்துக்கு முந்திய அளவு. நீ சாப்பிட மறப்பதால் மறுபடி பிடிக்க வேண்டியிருக்கும்.

உடம்பைப் பார்த்துக்கொள். பெட்டி விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டு வருந்தாதே.

என்றும் உன்,
தையற்காரன்

செவ்வாய்க்கிழமை

அன்புள்ள டாக்டருக்கு,

ஜீப் வியாழக்கிழமைதான் புறப்படும், ஆனாலும் இன்றைக்கே எழுதி வைக்கிறேன். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

உன் பதில் வந்தது. திட்டுவாய் என்று நினைத்தேன், திட்டவில்லை. நனைந்த போட்டோக்களை எப்படிப் பிரிப்பது, எந்தத் தாளுக்கு இடையில் வைப்பது, வெயிலில் காயவைக்காமல் நிழலில் காயவைப்பது எப்படி என்று இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். மூன்றாவது பக்கத்தில், கூரை ஒழுகியபோது நான் ஏணியில் ஏறினேனா என்று கேட்டிருக்கிறாய். அந்த இடத்தில் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். சாயங்காலம்தான் மிச்சத்தைப் படித்தேன்.

மிச்சத்தில், அந்தப் பெண்ணையே நேரில் போய்ப் பார்க்கச் சொல்லியிருப்பதாக எழுதியிருக்கிறாய். வருகிற திங்கட்கிழமை வருகிறாளாம். அவளுக்கு எதற்கு இந்த அலைச்சல்? வீடு இருக்கிற இருப்பில் ஒரு விருந்தாளியை உட்கார வைக்கக்கூட இடமில்லை, மேசை முழுக்கச் சீருடை. நீ திரும்பி வந்த பிறகு, நீயும் பக்கத்தில் இருக்கும்போது, ஆற அமரப் பார்த்துக்கொள்ளலாமே. ஒரு வரி எழுதி அவளை நிறுத்து. இந்தக் கடிதம் உன்னிடம் வந்து, உன் வரி அவளிடம் போவதற்குள் திங்கட்கிழமை வந்துவிடும் என்பது எனக்குத் தெரிகிறது. தெரிந்தும் எழுதுகிறேன்.

மருந்து குடிக்கிறாயா?

உன்,
தையற்காரன்

புதன்கிழமை

அன்புள்ள டாக்டருக்கு,

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், நீ பயப்படாதே. மகள் நலம், நான் நலம், வீடு நலம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இனி சொல்லப்போவதை உட்கார்ந்து படி. கூடாரத்தில் ஆட்கள் இருந்தால் அவர்களை டீ குடிக்க அனுப்பிவிட்டுப் படி.

பெட்டிகள் நனையவில்லை. கூரை ஒழுகவில்லை. ஒன்றரை மாதமாக மழை இல்லை என்று அதே கடிதத்தில் மேலே எழுதிவிட்டு, கீழே கூரை ஒழுகியதாக எழுதியிருக்கிறேன். நீ அதைக் கவனித்திருப்பாய். கவனித்தும் நம்பினாய், அல்லது நம்பியதுபோலக் காட்டிக்கொண்டாய். எது என்று கேட்க எனக்குத் தைரியமில்லை. பொய் சொல்லவும் ஒரு கைப்பழக்கம் வேண்டும். எனக்கு இருப்பதெல்லாம் மறைத்துப் பழகிய பழக்கம்தான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அவள் வருவதற்கு முந்தின நாள், ஒரு சொம்புத் தண்ணீரோடு அந்த அலமாரி முன்னால் நின்றேன். நிஜமாகவே நனைத்துவிடலாம் என்று. பெட்டிகளின் மேல் உன் கையெழுத்து, இருபத்தொரு வருஷத்துக்கு முந்திய கையெழுத்து. ஓடைக்கரை, பாறைமேடு, பழைய சுரங்கவாய் என்று ஒவ்வொன்றிலும் எழுதியிருக்கிறாய். எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. கடைசியில் அந்தத் தண்ணீரை நானே குடித்துவிட்டு வந்து படுத்துவிட்டேன். தூங்கவில்லை.

திங்கட்கிழமை காலை உன் ஆராய்ச்சிப் பேத்தி வந்தாள். தோளில் ஒரு ஸ்கேனர், கையில் ஒரு பை. பை நிறைய உறிஞ்சுதாளும் பருத்திக் கையுறையும். நனைந்ததை உலர்த்துவதற்காக நீ சொல்லி வாங்கி வந்தாளாம். முதல் பெட்டியைத் திறந்தாள். போட்டோக்கள் சீட்டுக்கட்டு மாதிரி மொடமொடவென்று இருந்தன. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "ஈரம் காஞ்சிடுச்சு போலிருக்கு சார்" என்று சொல்லிவிட்டு உறிஞ்சுதாளை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். இருபத்தாறு வயதுப் பெண் எனக்குத் தப்பித்துப்போக வழிவிட்டாள்.

நேற்று முழுக்க நம் சாப்பாட்டு மேசையில் வேலை செய்தாள். நான் கடைக்குப் போகாமல் குட்டி போட்ட பூனை மாதிரி வீட்டுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தேன். நான்கு தடவை டீ போட்டுக் கொடுத்தேன். நான்காவது டீயைக் கொடுக்கும்போது, ஆறாவது பெட்டியின் அடியிலிருந்த நீல அட்டை நோட்டைக் கையில் வைத்திருந்தாள். "இந்த நோட்டு மேடம் எழுத்து இல்லையே, யாரு எழுதினது சார்?" என்று கேட்டாள்.

நான்தான் எழுதியது என்றேன்.

உனக்கு அந்த வருஷம் நினைவிருக்கும். மிருகம் கடந்தால் தானே படமெடுக்கும் கேமரா, அதிலும் முப்பதுதான் நிறுவனம் கொடுத்தது. ஒரு இடத்துக்கு ஒரு கேமரா, பாதையின் ஒரு பக்கத்தில் மட்டும். மிருகம் போகும்போது படத்தில் இடப்பக்கம் விழுந்தால், வரும்போது வலப்பக்கம் விழும். நீ காட்டிலிருந்து ரோல் ரோலாக அனுப்பினாய், நான் கழுவி வாங்கி வந்தேன். உதவிக்கு ஆளில்லை. ஒரு வாரம் வீட்டில் இருந்தபோது நீ எனக்கு வரி பார்க்கக் கற்றுக்கொடுத்தாய். ஒவ்வொரு கழுதைப்புலிக்கும் வரி வேறு, மனிதனுக்குக் கைரேகை மாதிரி என்றாய். கட்டம் போட்ட சட்டையில் பாக்கெட் இருக்கிற இடமே தெரியாமல் தைக்கிறவனுக்கு இது அல்வா சாப்பிடுகிற மாதிரி என்று சிரித்தாய். எனக்குத் தலைகால் புரியவில்லை. படித்தவளுக்குத் தாலி கட்டிய தையற்காரன் என்று சொந்தபந்தம் எல்லாம் பேசிய பேச்சுக்கு இதுதான் பதில் என்று நினைத்தேன். மூன்று மாதம், கடையைச் சாத்திய பிறகும் திறப்பதற்கு முன்னும், லென்ஸை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் பார்த்தேன். ஒன்றையும் அலட்சியமாகச் செய்யவில்லை, அதை மட்டும் நம்பு.

ஆனால் நான் தையற்காரன். துணியை இரட்டையாக மடித்துப் போட்டு வெட்டுகிறவன். சட்டையின் இடமும் வலமும் ஒன்றுக்கொன்று கண்ணாடியில் பார்த்த மாதிரி இருக்கும், இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் அது கோணல் சட்டை. மிருகமும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டேன். இடப்பக்கத்து வரி எப்படியோ வலப்பக்கத்து வரியும் அப்படியே திருப்பிப் போட்டதுபோல இருக்கும் என்று. ஆகவே ஒரு வலப்பக்கப் போட்டோ வந்தால், இடப்பக்க வரிசையில் அதற்குச் சோடி தேடினேன். சோடி கிடைக்கவில்லை என்றால் புது மிருகம் என்று நோட்டில் எண் போட்டேன். எனக்குச் சந்தேகமே வரவில்லை. சந்தேகம் வந்திருந்தால் உன்னைக் கேட்டிருப்பேன். நீ பத்துப் பக்கம் சரிபார்த்தாய். அந்தப் பத்தும் இடப்பக்கத்தை இடப்பக்கத்தோடு வைத்துப் பார்த்தவை. எல்லாம் சரியாக இருந்தன. "என்னைவிட நல்லாப் பண்ணியிருக்கீங்க" என்றாய்.

இதை அந்தப் பெண்ணுக்குச் சொல்லி முடித்தபோது அவள் தான் போட்டிருந்த சட்டையைக் குனிந்து பார்த்துக்கொண்டாள். பிறகு பேனாவை எடுத்து எண்ணினாள். நோட்டிலே இடப்பக்கம் இருபத்துமூன்று. வலப்பக்கம் இருபத்தொன்று. இரண்டையும் கூட்டி, நான் தப்பாகச் சோடி சேர்த்த மூன்றைக் கழித்தால் நாற்பத்தொன்று. இரண்டு பக்கத்தையும் இணைக்க முடியாதபோது கூட்டவே கூடாதாம், இரண்டில் எது பெரியதோ அதை மட்டும் எடுக்க வேண்டுமாம். அப்படியானால் இருபத்துமூன்று. பத்து வருஷம் கழித்து, இருபுறமும் கேமரா வைத்து நீ எண்ணியது இருபத்திரண்டு. கேமராவில் படாதவற்றையும் கணக்கிட்டுப் பார்த்தால் கொஞ்சம் முன்பின் மாறலாம், குறைந்தும் இருக்கலாம் என்றாள். ஆனால் பாதியாகக் குறையவில்லை. ஒருவேளை குறையவே இல்லை.

இவ்வளவோடு நின்றால் என் அறியாமை என்று போய்விடும். நிற்கவில்லை. இதுதான் எழுதக் கை வராத இடம். எனக்கு இது நேற்றுத் தெரிந்ததல்ல. பதினோரு வருஷமாகத் தெரியும்.

இரண்டாவது கணக்கெடுப்பின் போட்டோக்களை நீ உன் அறைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தாய். ஒரே மிருகம், ஒரே நொடி, இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. உனக்குச் சாப்பாடு கொண்டுவந்தபோது பார்த்தேன். இரண்டு பக்கத்து வரியும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. முதலில் நீ தப்பாக ஒட்டிவிட்டாய் என்றுதான் நினைத்தேன். அடுத்த சோடியைப் பார்த்தேன், அதற்கடுத்ததைப் பார்த்தேன். தட்டை உன் மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். உன் கட்டுரை அச்சாகி ஒரு மாதம் ஆகியிருந்தது. விருது கொடுக்கும் விழாவுக்கு ஒரு வாரம் இருந்தது. விழா முடியட்டும் என்று நினைத்தேன். விழா முடிந்ததும் உன் கட்டுரையைக் காட்டியே குவாரியை மூடும் உத்தரவு வந்தது, நீ சின்னப் பிள்ளை மாதிரி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாய். அன்றைக்குச் சொல்ல முடியவில்லை. மறுநாள் சொல்லலாம் என்றிருந்தேன். மறுநாளுக்கும் மறுநாள் இருந்துகொண்டே இருந்தது. மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். எனக்கு வீட்டுக்குள்ளேயே பயம். உன்னைத் தேடி ஒரு கடிதம் வந்தால் பயம், ஒரு மாணவர் வந்தால் பயம். உனக்கு ஒவ்வொரு பாராட்டு வந்தபோதும் நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன். அடக்கமான மனுஷன் என்று நீ எல்லாரிடமும் சொன்னாய்.

கிரேன்காரரைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். குவாரி மூடிய வருஷம் அவரிடம் கேட்டேன், கோபம் இல்லையா என்று. "உங்க வீட்டம்மா எண்ணினா சரியாத்தான் இருக்கும், படிச்சவங்க" என்றார். எண்ணியது நான். அவர் இடுப்பை அளக்கும் போதெல்லாம் எனக்கு அது கேட்கிறது. குவாரியை மூடியது நல்லது, அந்த வெடிச்சத்தத்தில் எந்த மிருகமும் தங்காது என்று நீ சொல்லுவாய். இருக்கலாம். அதை அவருக்குச் சொல்லியிருக்க வேண்டிய விதம் வேறு. பாதியாகிவிட்டது என்று பயம் காட்டி அல்ல.

அந்தப் பெண் அழுதாள் என்றால் நம்புவாயா? "பன்னெண்டாவது படிக்கிறப்ப மேடத்தோட கட்டுரையைப் படிச்சுத்தான் சார் இந்தப் படிப்புக்கே வந்தேன், நான் போய் இதை எப்படி மேடையில சொல்றது" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, சொல்லாமல் இருக்கவும் முடியாது என்றாள். நான் அவளிடம் ஒன்றைத்தான் கேட்டேன். டாக்டருக்கு இது என் மூலமாகப் போக வேண்டும், அதுவரை பொறு என்று. நாளை ஜீப் போகும். அடுத்த ஜீப்பில் உன் பதில் வரும்வரை யாரிடமும் பேசமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறாள். மேடமே எழுதித் திருத்தினால்தான் அழகு என்றும் சொன்னாள். நல்ல பிள்ளை. நீ வளர்த்தவர் வளர்த்த பிள்ளை.

இனி நான் பயப்படுவது எழுநூற்றுப் பன்னிரண்டு கட்டுரைகளுக்காக அல்ல. விழா நின்றுபோகுமே என்பதற்காகவும் அல்ல, அது நடந்தாலும் நின்றாலும் உனக்குப் பெரிதில்லை என்று எனக்குத் தெரியும். உன்னை எனக்குத் தெரியும், அதுதான் பயம். நீ இதைப் படித்து முடித்ததும் ஒரு தாளை எடுத்து, "பிழை முழுவதும் என்னுடையது, சரிபார்க்க வேண்டியது என் கடமை" என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, இதே ஜீப்பில் அனுப்பிவிடுவாய். என் பெயர் அதில் வராது. வெட்டியது நான், பழி உனக்கு. அப்படிச் செய்யாதே. உன் மூன்று கட்டுரைகளின் கடைசியில், உதவிய கணவருக்கு நன்றி என்று என் பெயரைப் போட்டாய். நான் அதைக் கத்தரித்துக் கடையில் கல்லாவுக்குள் வைத்திருக்கிறேன். நன்றிக்கு வந்த பெயர் தப்புக்கும் வர வேண்டும். எண்ணியவர் இன்னார், தெரிந்தும் பதினோரு வருஷம் வாயைத் திறக்காதவரும் அவரே என்று எழுது. அப்படியே எழுது, மெருகு பூசாதே. அந்த நோட்டையும் அவளிடமே கொடுத்துவிட்டேன், இனி என்னிடம் மறைக்க ஒன்றுமில்லை.

என்னை மன்னிக்கச் சொல்லி எழுத உட்கார்ந்தேன், எழுத வரவில்லை. முதல் தப்புக்கு மன்னிப்புக் கேட்கலாம். இரண்டாவதற்கு, நீ என்னை நம்பிய ஒவ்வொரு நாளுக்கும் தனித்தனியாகக் கேட்க வேண்டும்.

இந்த ஜீப்பில் உன் காக்கிக் கால்சட்டை இரண்டையும் அனுப்புகிறேன். முழங்காலில் உள்ளே இரட்டைத் துணி கொடுத்திருக்கிறேன், பாறையில் மண்டியிட்டாலும் இனி உறுத்தாது. பதில் எழுத வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அந்தப் பெண்ணுக்கு எழுது, இயக்குநருக்கு எழுது, அதுதான் முக்கியம். எனக்கு எழுத மனம் வராவிட்டால், அங்கே கிழிந்தது ஏதாவது கிடந்தால், ஒரு சட்டையோ ஒரு சாக்குப்பையோ, தைத்துத் தரச் சொல்லி டிரைவர் கையில் கொடுத்தனுப்பு. ஜீப் திரும்பும் நாளில் நான் சாலைமுனையில் வந்து நிற்பேன்.

உன்,
தையற்காரன்